காரைக்குடியில் சொந்த க்ளவுட்: அமேசானுக்கு மாற்றாக எந்தத் திறமூல மென்பொருள் சரிவரும்?

பட்டாலை கேட்டது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றில் தங்கும் விடுதி, இரண்டுக்கும் காரைக்குடியில் ஒரே அலுவலகம். கணினி வேலை எல்லாம் இப்போது அமேசானின் மும்பை ரீஜனில் ஓடுகிறது. ஐந்து வி.எம். (மெய்நிகர் கணினி), அவர்களே நிர்வகிக்கும் ஆர்டிஎஸ்ஸில் 120 ஜிபி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், கோப்புக் கிடங்கான எஸ்3-யில் 4 டிபி. அந்த 4 டிபியும் பழைய பேரேடுகள், பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள், வீட்டுப் படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்த டிஃப் படக் கோப்புகள். பயனர் லாகின் அமேசானின் காக்னிட்டோ சேவையில் இருக்கிறது.

எஸ்3-க்கு மட்டுமே மாதம் 100 டாலர், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எங்கள் குடும்பக் கணக்குகளும் கடிதங்களும் எங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் விருப்பமும்கூட. சொந்த இயந்திரத்தில் வி.எம். ஓட்டும் மென்பொருளில் ஓபன்ஸ்டேக், க்ளவுட்ஸ்டேக், ப்ராக்ஸ்மாக்ஸ் என்று மூன்று பெயர் அடிபடுகிறது. இந்த அளவுக்கு எது பொருந்தும்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட் எடுத்துவிடுவார்கள். நெட் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், நிலையான ஐபி கிடையாது.

---

மோட்டுவளை பதில்:

ஓபன்ஸ்டேக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம் அண்ணே. நாசாவும் ராக்ஸ்பேஸும் 2010-இல் தொடங்கியது, செர்ன் ஆய்வகம்கூட அதை ஓட்டுகிறது, நல்ல மென்பொருள். உங்கள் அளவுக்குத்தான் பொருந்தாது. நோவா, நியூட்ரான், சிண்டர், கீஸ்டோன், கிளான்ஸ் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சேவை, அடியில் அவற்றுக்கிடையே செய்தி கடத்தும் ராபிட்எம்க்யூ, தரவுத்தளமான மரியாடிபி. ஒன்று விழுந்தாலும் ஓட வேண்டும் என்றால் கண்ட்ரோல் நோடு (கட்டுப்படுத்தும் இயந்திரம்) மட்டுமே மூன்று வேண்டும். கரண்ட் போய் மூன்றும் ஒரே சமயத்தில் அணைந்தால் மரியாடிபியின் கலேரா கிளஸ்டர் (மூன்று பிரதிகளின் கூட்டு) தானாக எழுந்திருக்காது. கடைசியாக எழுதிய நோடு எது என்று பார்த்து, அதிலிருந்து கையால் கிளப்ப வேண்டும். ஓபன்ஸ்டேக்கை நிறுவும் கருவியான கொல்லா-ஆன்சிபிளில் இதற்கென்றே ஒரு மீட்புக் கட்டளை வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மின்சாரத்தில் அதை அடிக்கடி அடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஐந்து வி.எம்.முக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் போதும். டெபியன் லினக்ஸ் மேல் கேவிஎம் (வி.எம். ஓட்ட), எல்எக்ஸ்சி (கண்டெய்னர் ஓட்ட), இசட்எஃப்எஸ் (டிஸ்க்கைக் கையாள) மூன்றையும் ஒரே வெப் திரையில் கொடுக்கிறது. உரிமம் ஏஜிபிஎல் என்ற திறமூல வகை, பணம் கட்டாமலே முழு வசதியும் உண்டு. நிறுவியதும் அப்டேட் கொடுத்தால் 401 பிழை வரும். சந்தா உள்ளவர்களுக்கான ரிப்பாசிட்டரி (மென்பொருள் கிடங்கு) இயல்பாக இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். அதை அணைத்து, சந்தா இல்லாதோருக்கானதைச் சேர்த்துவிடுங்கள்.

இயந்திரங்கள்: ஒரே மாதிரி இரண்டு, ஒவ்வொன்றிலும் 8 கோர், 64 ஜிபி இசிசி (பிழையைத் தானே திருத்தும்) மெமரி. வி.எம்.களுக்கு 960 ஜிபி எஸ்எஸ்டி இரண்டை மிர்ரராக (ஒன்றின் நகல் மற்றது) போடுங்கள். ஸ்கேன் கோப்புகளுக்கு 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, அதுவும் மிர்ரர். எஸ்எஸ்டி வாங்கும்போது கரண்ட் போனால் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் கெபாசிட்டர் உள்ள எண்டர்பிரைஸ் ரகமா என்று பாருங்கள். சாதா லேப்டாப் எஸ்எஸ்டியில் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும். பில் போடும் திரை இழுத்துக்கொண்டே கிடக்கும். செகண்ட் ஹேண்ட் என்றாலும் எண்டர்பிரைஸ் ரகமே மேல். ஹார்ட் டிஸ்க்கில் எஸ்எம்ஆர் ரகத்தை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது) தொடாதீர்கள். ஒன்று கெட்டு மாற்றுகிற அன்று ரீசில்வர் (புது டிஸ்க்கில் நகலை நிரப்புவது) முடிய நாள்கணக்காகும், சில சமயம் பாதியிலேயே பிழை காட்டி டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். ரெய்டு கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், அல்லது டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் ஹெச்பிஏ நிலைக்கு மாற்றுங்கள். இசட்எஃப்எஸ் டிஸ்க்கை நேராகப் பார்க்க வேண்டும்.

இரண்டு நோடு மட்டும் வைத்தால் ஒரு சிக்கல். ஒன்று விழுந்தால் மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு இல்லாமல் போகும். ஹெச்ஏ (விழுந்த நோடின் வி.எம்.மை மற்றதில் தானாகக் கிளப்பும் வசதி) போடாதவரை ஓடிக்கொண்டிருப்பவை ஓடும், புதிதாக எதையும் கிளப்ப முடியாது. அதனால் மூன்றாவதாக ஒரு சின்ன இயந்திரத்தில் க்யூடிவைஸ் போட்டு மூன்றாவது வாக்கைக் கொடுங்கள். அதே இயந்திரத்தில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரும் ஓடட்டும்.

செஃப் (பல நோடின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பாக்கும் மென்பொருள்) இப்போது வேண்டாம். மூன்று நோடு, மூன்று பிரதி, 10 ஜிகாபிட் நெட்வொர்க், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 4 ஜிபி மெமரி என்று அதற்குத் தீனி அதிகம். உங்களுக்கு இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் போதும். இரண்டு நோடிலும் பூல் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடாது. இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு முறை நகல் போகும். அப்படியென்றால் ஒரு நோடு செத்தால் கடைசி 15 நிமிட வேலை போகலாம். வலைத்தளத்துக்கு அது பரவாயில்லை, பில்லுக்கு ஆகாது. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மட்டும் இரண்டு நோடிலும் தனித்தனி வி.எம். வைத்து ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் (எழுதுவதை உடனுக்குடன் நகலெடுப்பது) போட்டுவிடுங்கள்.

இரண்டாவது பேக்கப் சர்வரைக் கானாடுகாத்தான் விடுதியில் வையுங்கள். தீயோ இடியோ இரண்டு ஊரையும் ஒன்றாகத் தாக்க வாய்ப்பு மிகக் குறைவு. அங்குள்ள சர்வர்தான் காரைக்குடியிலிருந்து இழுக்க வேண்டும், இங்கிருந்து அங்கே தள்ளும் உரிமை எதுவும் இருக்கக் கூடாது. ரான்சம்வேர் இங்கே புகுந்தாலும் அங்குள்ள பிரதியை அழிக்க முடியாது. முதல் நகலை நெட்டில் அனுப்ப வேண்டாம்: பெட்டியை அலுவலகத்தில் வைத்து நிரப்பி, காரில் கொண்டுபோங்கள். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு வி.எம்.மை நிஜமாகவே ரெஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். வெரிஃபை பச்சையாக இருப்பது மட்டும் போதாது.

---

நிலவாசல் பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரிங்க. ஆனா செட்டிநாட்டு வீட்டுல சர்வர் வைக்கிறதுன்னா மென்பொருளைவிட எர்த்தும் வயரும்தான் முதல்ல.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வைச்சுப் பாருங்க. 2, 3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை. பழைய வீட்டுல எர்த் குழியில தண்ணி வத்திப் போயிருக்கும், பைப்பும் துரு ஏறியிருக்கும். புதுசா குழி எடுக்காம சர்வரை மாட்டாதீங்க. யுபிஎஸ் பீப் அடிச்சுக்கிட்டே இருக்கிறதுக்கும், பவர் சப்ளை காரணமே தெரியாம சாகிறதுக்கும் பல இடத்துல இதுதான் மூலம்.

யுபிஎஸ் ஆன்லைன் ரகமா (கரண்ட் போனாலும் மாறுற இடைவெளியே இல்லாதது) வாங்குங்க. வீட்டு இன்வெர்ட்டர் மாறுற இடைவெளியில சில சர்வர் ரீபூட் ஆயிடும். கணக்கு இப்படி: இரண்டு சர்வர், பேக்கப் பெட்டி, ஸ்விட்ச், ரூட்டர் எல்லாம் சேர்த்து 350 வாட்னு வைங்க. 12 வோல்ட் 42 ஏஹெச் பேட்டரி மூணுன்னா கணக்குப்படி 1512 வாட்-அவர். மாற்றத்துல போற நஷ்டம், பேட்டரியை முழுசா வடிக்கக் கூடாதுங்கிறது ரெண்டையும் கழிச்சா ஏறக்குறைய 900 மிஞ்சும். அதாவது இரண்டரை மணி நேரம். பராமரிப்பு நாள்ல காலையில எடுத்தா மதியத்துக்கு மேலதான் வரும், அதனால இது பத்தாது. பேட்டரி பாதிக்குக் கீழ போனதும் வி.எம்.களை ஒழுங்கா மூடுற மாதிரி யுபிஎஸ்ஸைக் கவனிக்கிற நட் மென்பொருளைப் போடுங்க. யுபிஎஸ்ஸோட யுஎஸ்பி வயர் ஒரு நோடுக்கு, மத்ததுக்கு நெட்வொர்க் வழியா தகவல் போகும். ஒவ்வொரு வி.எம்.லயும் கெஸ்ட் ஏஜெண்ட் (நோடு சொல்றதை உள்ளே கேட்கிற சின்ன மென்பொருள்) இருக்கணும், இல்லேன்னா மூடச் சொன்னாலும் சிலது மூடாது.

ஸ்விட்ச்சையும் யுபிஎஸ்லயே மாட்டுங்க. இதைத்தான் மறந்துடுவாங்க. ஹெச்ஏ போட்டிருக்கிற நோடு மத்தவங்களோட தொடர்பு அறுந்து பெரும்பான்மையை இழந்தா ஒரு நிமிஷம்போல பார்த்துட்டுத் தன்னைத்தானே ரீபூட் பண்ணிக்கும். ஸ்விட்ச் ஒண்ணு அணைஞ்சாலே இரண்டு சர்வரும் சேர்ந்து விழும், கரண்ட் முழுசா இருக்கும்போதே.

இடம்: கனத்த சுவருங்கிறதால உள்ளறை குளுமையா இருக்கும்னு நினைச்சு, காத்தே போகாத சாமான் அறையில வைக்காதீங்க. 350 வாட்னா மணிக்கு ஏறக்குறைய 1200 பிடியூ சூடு, அது வெளியே போக வழி வேணும். வளவை (நடு முற்றத்தை) பார்த்த மாதிரி ஜன்னல் இருக்கிற அறை நல்லது. கீழே காத்து உள்ளே வரணும், மேலே எக்ஸாஸ்ட் ஃபேன். சித்திரை வைகாசியில உள்ளே போற காத்து 35 டிகிரி தாண்டினா சின்ன ஏசி போட்டே ஆகணும். பழைய மேல்தளத்துலேர்ந்து சுண்ணாம்புத் தூள் உதிரும், அது ஃபேன்ல ஒட்டிக்கும். ரேக்குக்கு மேல தகடு ஒண்ணு அடிச்சு, ஃபில்டரை மாசம் ஒருமுறை தட்டுங்க.

முகப்புலேர்ந்து பின்கட்டு வரைக்கும் வைஃபை போகாது, வயர்தான். வளவைத் தாண்டிப் போற இடத்துல காப்பர் வேண்டாம், ஃபைபர் போடுங்க. இடி மின்னல்ல இரண்டு கட்டுக்கும் எர்த் அளவு மாறும்போது காப்பர் வழியாத்தான் ஸ்விட்ச் போர்ட் எரியுது. கண்ணாடி இழையில மின்சாரம் பாயாது.

மின்கட்டணத்தையும் கணக்குல சேருங்க: 350 வாட் முழு மாசமும் ஓடினா 252 யூனிட். யூனிட் 10 ரூபாய்னு வைச்சாலும் 2,520 ரூபாய், ஏசி தனி.

---

பேரேடு பதில்:

தரவை எப்படி இறக்குவது என்பதைப் பற்றி மட்டும்.

4 டிபியை அப்படியே இறக்கத் தொடங்காதீர்கள். மும்பையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு ஜிபிக்கும் 0.1093 டாலர், மாதம் முதல் 100 ஜிபி இலவசம். மொத்தம் 426 டாலர்போல ஆகும். 2024 மார்ச்சிலிருந்து, வேறிடத்துக்கு மாறுபவர்களுக்கு இந்தக் கட்டணத்தை அமேசான் தள்ளுபடி செய்கிறது. ஆனால் இறக்குவதற்கு முன்பே சப்போர்ட்டில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். எஸ்3-யின் மலிவான ஆவணக் கிடங்கான கிளேசியருக்குத் தள்ளிய கோப்புகள் இருந்தால் அவற்றை முதலில் ரெஸ்டோர் செய்யச் சொல்லுங்கள், இல்லையேல் நகலெடுக்கும்போது பிழை வரும்.

100 எம்பிபிஎஸ் முழுவதும் கிடைத்தாலும் 4 டிபிக்கு 3.7 நாள். ஆர்க்ளோன் என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், நெட் அறுந்தாலும் மறுபடி ஓட்டினால் வராத கோப்பை மட்டும் எடுக்கும். சரிபார்க்கும்போது ஒரு சறுக்கல் உண்டு. பெரிய டிஃப்கள் துண்டு துண்டாக ஏறியிருக்கும், அவற்றுக்கு எஸ்3 காட்டும் இடேக் என்ற அடையாள எண், கோப்பின் எம்டி5 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை எண்) அல்ல. அதை வைத்து ஒப்பிட்டால் நல்ல கோப்பும் தவறாகத் தெரியும். மும்பையிலேயே ஒரு வி.எம்.மில் எல்லாக் கோப்புக்கும் ஷா256 (இன்னொரு வகைக் கைரேகை எண்) பட்டியல் எடுத்துக்கொண்டு, இங்கே வந்த கோப்புகளோடு ஒப்பிடுங்கள். ஒரே ரீஜனுக்குள் படிப்பதற்குத் தரவுக் கட்டணம் இல்லை. இருக்கிற ஒரே பேரேட்டின் படம் அது, சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது.

போஸ்ட்கிரெஸ்: ஆர்டிஎஸ்ஸின் டேட்டா டைரக்டரியைத் தொட விடமாட்டார்கள். 120 ஜிபிக்கு ஓர் இரவு கடையை நிறுத்தி பிஜி-டம்ப் (முழுத் தரவையும் கோப்பாக இறக்கும் கட்டளை) எடுப்பதே எளிது. நிறுத்த முடியாதென்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (ஓடும்போதே மாற்றங்களை நகலெடுப்பது) உண்டு. ஆனால் சீக்வென்ஸ் எண்கள் (அடுத்த பில் எண் போன்றவற்றைத் தரும் எண்ணி) அதில் வராது. மாறிய மறுநிமிடம் புது பில் போட்டால் ‘டூப்ளிகேட் கீ’ என்று விழும். மாறும் முன் ஒவ்வொரு சீக்வென்ஸையும் பழைய இடத்து மதிப்புக்கு மேலே நகர்த்திவிடுங்கள்.

காக்னிட்டோவுக்குப் பதில் கீக்ளோக் என்ற திறமூல லாகின் மென்பொருள். பயனர் பெயர், மின்னஞ்சல் வரும். பாஸ்வேர்டு ஹாஷை (பாஸ்வேர்டின் மறைத்த வடிவம்) அமேசான் தராது. எல்லோரும் புதிய பாஸ்வேர்டு வைக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மின்னஞ்சல் அனுப்பும் சேவையை மட்டும் வெளியிலேயே விட்டுவிடுங்கள். வீட்டு ஃபைபரிலிருந்து போகும் அஞ்சல் ஸ்பாமில்தான் விழும்.

---

பட்டாலை மீண்டும்:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வலைத்தளத்தை வெளியிலிருந்து திறக்க, நிலையான ஐபி இல்லாமல் என்ன வழி? ஸ்கேன் பார்க்கும் மென்பொருள் எஸ்3 ஏபிஐ (எஸ்3-யோடு பேசும் முறை) மட்டுமே பேசும், அதே முறையில் பேசும் மினியோவைப் போடலாமா? இன்னொன்றும்: உறவினர்களின் இரண்டு நிறுவனங்கள் இதிலேயே பங்கு கேட்கிறார்கள்.

---

மோட்டுவளை பதில்:

மினியோவைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் அண்ணே. 2025-இல் சமூகப் பதிப்பின் திரையிலிருந்து நிர்வாக வசதிகளை எடுத்தார்கள், பிறகு தயார் பைனரி (அப்படியே நிறுவும் கோப்பு) தருவதையும் நிறுத்தினார்கள். இரண்டு, மூன்று நோடுக்கு கரேஜ் நன்றாகப் பொருந்தும், அதுவும் ஏஜிபிஎல். சீவீட்எஃப்எஸ் இன்னொன்று, அப்பாச்சி உரிமம். எதைப் போட்டாலும், உங்கள் மென்பொருள் கேட்கும் எஸ்3 வசதி அதில் இருக்கிறதா என்று பத்துக் கோப்பை வைத்து முதலில் சோதியுங்கள். ஆப்ஜெக்ட் வெர்ஷனிங் (கோப்பின் பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது) கரேஜில் இல்லை. டெர்ராஃபார்ம் (சர்வர் அமைப்பை எழுதிவைக்கும் கருவி) வைத்திருந்தால் ஓப்பன்டோஃபுவுக்கும், ரெடிஸ் (மெமரியில் ஓடும் தரவுத்தளம்) இருந்தால் வால்கீக்கும் இப்போதே மாறிக்கொள்ளலாம், ஓப்பன்டோஃபு, வால்கீ இரண்டும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் கையில் இருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் திறமூலம் எப்போது வேண்டுமானாலும் உரிமம் மாறும் என்பதை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐபிக்கு: வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, அதில் கேடி என்ற வெப் சர்வர் ஓடட்டும். அங்கிருந்து அலுவலகத்துக்கு வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு. அலுவலகப் பக்கம் கீப்அலைவ் 25 வினாடி வையுங்கள், இல்லையேல் சற்று நேரம் சும்மா இருந்தாலே ஃபைபர்காரர் பக்கத்து நாட் (ஐபி முகவரியை மாற்றித் தரும் கருவி) வழியை மூடிவிடும். சின்னப் பக்கம் திறந்து பெரிய படம் மட்டும் பாதியில் நின்றால் எம்டியு என்ற பாக்கெட்டின் உச்ச அளவைப் பாருங்கள். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும்) ஃபைபரில், வயர்கார்டு ஐபிவி6 வழியாகப் போனால் 1492-இலிருந்து 80 போக 1412 வைக்க வேண்டும், இயல்பான 1420 ஒத்துவராது. கானாடுகாத்தான் பேக்கப் சர்வரும் இதே விபிஎஸ் வழியாகவே வரட்டும். விடுதி முன்பதிவுத் தளத்தை விபிஎஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள், காரைக்குடியில் கரண்ட் இல்லாத நேரத்திலும் வெளிநாட்டிலிருந்து அறை எடுப்பவருக்குப் பக்கம் திறக்கும்.

பங்கு கேட்பவர்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸிலேயே ஆளுக்கொரு பூல் (வி.எம்.களின் தொகுப்பு), தனி விலேன் (பிரித்த நெட்வொர்க்), உரிமைக் கட்டுப்பாடு கொடுத்துவிடலாம். அவர்களே வி.எம். உருவாக்கி, அளவு கட்டி, பயன்பாட்டுக்குக் கணக்கு எடுக்க வேண்டும் என்றால்தான் அப்பாச்சி க்ளவுட்ஸ்டேக். டொமைன், அக்கவுண்ட், கோட்டா எல்லாம் அதில் பிறவியிலேயே உண்டு, ஓபன்ஸ்டேக் அளவுக்குச் சேவைகளும் இல்லை: ஒரு மேனேஜ்மென்ட் சர்வர், ஒரு மைஎஸ்க்யூஎல், கேவிஎம் ஹோஸ்டுகள், ஒரு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் சேமிப்பு). அதற்கு நான்காவது இயந்திரம் வேண்டும். முதலில் உங்கள் ஐந்து வி.எம்.மும் ஒரு கோடையையும் ஐப்பசி மழையையும் தாண்டட்டும், உறவினர்களின் கணக்கை அதன்பிறகு ஏற்றுங்கள்.