பேட்டரி மாற்றியும் புகை அலாரம் கீச்சிடுகிறது. மொத்தமாக மாற்ற வேண்டுமா?

மாடிப்படி (கேள்வி)

வணக்கம். மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாடகை வீடு, கீழும் மேலுமாக இரண்டு தளம். குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாடியில் படுக்கையறைகளுக்கு வெளியே கூரையில் இருக்கும் புகை அலாரம், விடியற்காலை மூன்று மணிவாக்கில் 'கீச்' என்று ஒரு சத்தம் போடுகிறது. நாற்பது நொடி கழித்து மறுபடி ஒன்று. பொழுது ஏறினால் தானாக அடங்கிவிடுகிறது. புதிதாக 9 வோல்ட் பேட்டரி போட்டேன், அன்றிரவும் அதே கதை. இன்னொரு பேட்டரி வாங்கிப் போட்டும் நிற்கவில்லை. நேற்று என் கணவர் அதைக் கழற்றித் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். அங்கிருந்தும் கத்துகிறது.

சமையலறை வாசலில் இன்னொன்று உண்டு, எண்ணெய் காய்ந்தாலே அலறும். குழந்தைகள் அறையில் இருப்பது இதுவரை வாயே திறந்ததில்லை. கீழே கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கும் சின்ன அறைக்கு எதிரே, பிளக்கில் செருகிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் அது சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடையில் புகைக்குத் தனி, கார்பன் மோனாக்சைடுக்குத் தனி, இரண்டும் சேர்ந்தது என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்கி எங்கே மாட்டுவது? சீக்கிரம் சொன்னால் நல்லது. கீழ் அறையில் படுக்கும் மாமியாருக்கும் தூக்கம் கெட்டு, ஒரு வாரமாக எழுந்ததும் தலைவலி. வாசலில் கொஞ்ச நேரம் காற்றாட உட்கார்ந்தால்தான் தெளிகிறார்.

வயரிங் வேலை

முதல்ல எல்லாத்தையும் கழற்றித் திருப்பிப் பாருங்க. முதுகுல உற்பத்தித் தேதி இருக்கும், இல்லைன்னா 'இந்த வருஷத்துக்குள் மாற்றவும்'னு இருக்கும். அதைப் படிச்சுச் சொல்லுங்க.

விடிகாலையில மட்டும் கத்துறதுக்குக் காரணம் குளிர். வீடு குளிர்ந்தா பேட்டரியோட வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். எல்லைக்கோட்டுல நிக்கிற அலாரம் அப்போதான் கீச்சிடும். ஆனா ரெண்டு புது பேட்டரி போட்டும் நிக்கலைன்னா கோளாறு பேட்டரியில இல்ல, அலாரத்துல. புகை அலாரத்துக்கு ஆயுசு தயாரிச்ச நாள்லேருந்து 10 வருஷம். மாட்டின நாள்லேருந்து இல்ல, அதைக் கவனிங்க.

அலமாரியில கத்துறதை நிறுத்தணும்னா பேட்டரியை எடுத்துட்டு, டெஸ்ட் பட்டனைப் பதினைஞ்சு இருபது நொடி அழுத்திப் பிடிங்க. உள்ளே தேங்கின மின்சாரம் வடிஞ்சிடும்.

மாடிப்படி

நன்றி அண்ணா, பட்டனை அழுத்தியதும் அடங்கிவிட்டது.

பார்த்தேன். மூன்று புகை அலாரத்திலும் 2011 என்றிருக்கிறது. குழந்தைகள் அறையில் இருப்பதன் மேல் யாரோ கூரையோடு சேர்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஓட்டைகள் பாதி அடைந்து கிடக்கின்றன. சமையலறை வாசலில் இருந்ததில் கதிரியக்க அடையாளமும் அமெரிசியம் என்ற பெயரும் இருக்கிறது, பார்த்ததும் பயந்துவிட்டேன். கீழே பிளக்கில் இருப்பதில் '2019-க்குள் மாற்றவும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் பச்சை விளக்கு இப்போதும் எரிகிறது.

இரவுப்பணி செவிலி

அம்மா, அலாரம் பேச்சை நிறுத்திவிட்டு இதை முதலில் படியுங்கள்.

சத்தம் மூன்று நாளாக என்கிறீர்கள், மாமியாரின் தலைவலி ஒரு வாரமாக என்கிறீர்கள். அப்படியானால் தலைவலிக்குக் காரணம் சத்தம் இல்லை. அவர் படுப்பது கீழே, ஹீட்டருக்குப் பக்கத்தில். கேஸ் ஹீட்டரின் புகை வெளியே போகாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் சேரும், அது நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. வெளியே போனால் தெளிகிறது, வீட்டுக்குள் வந்தால் திரும்புகிறது. காவலுக்கு இருக்க வேண்டிய அலாரத்தின் கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. பச்சை விளக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே சென்சார் உயிரோடு இருக்கிறது என்று சொல்லாது.

இப்போதே எல்லாரையும் எழுப்பி வெளியே கூட்டிப் போங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். வெளியே நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ, கேஸ் கொடுப்பவர்களின் அவசர எண்ணுக்கோ பேசுங்கள். அவர்கள் அளந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உள்ளே போகாதீர்கள்.

இன்னொன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டினால் அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். மருத்துவமனையில் 'வீட்டில் கார்பன் மோனாக்சைடு இருக்குமோ என்று சந்தேகம்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு.

வயரிங் வேலை

அக்கா சொல்றதைச் செய்யுங்க. நான் தேதியைக் கேட்டேன், தலைவலி வரியைப் படிச்சும் மனசுல வாங்கலை. வெளியே வந்ததும் ஒரு வார்த்தை போடுங்க.

மாடிப்படி

வெளியே வந்துவிட்டோம். எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கிறோம். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது.

மாடிப்படி (மறுநாள்)

எல்லாரும் நலம். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

வந்தவர்கள் ஹீட்டரை ஓடவிட்டுக் கையடக்கக் கருவியால் அளந்தார்கள். ஹீட்டர் அறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு 160 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 160 பங்கு), மாமியார் கட்டிலருகே 85. ஹீட்டரின் மேலே புகைக்குழாய் சேரும் இணைப்பு நழுவி, விரல் நுழையும் அளவு இடைவெளி. குழாயின் வெளிப்புறத்தில் கரி படிந்திருந்தது. அந்த அறையில்தான் தினமும் துடைப்பம் எடுக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கேஸை மூடி சீல் வைத்துவிட்டார்கள்.

மாமியாரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தது உறுதியாயிற்று. முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், சாயங்காலம் வீட்டுக்கு, அதாவது நாத்தனார் வீட்டுக்கு, அனுப்பினார்கள். ஆக்சிமீட்டர் 99தான் காட்டியது, நீங்கள் சொன்னபடியே.

இரவுப்பணி செவிலி

கேட்டு மனசு நிறைந்தது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் அந்த அளவு பாதியாகக் குறையவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்காகத்தான் முகமூடி. அடுத்த சில வாரங்களில் மறதி, தடுமாற்றம் ஏதாவது தெரிந்தால் மறுபடி காட்டுங்கள், தாமதமாகவும் தலைகாட்டும்.

வயரிங் வேலை

நல்ல வேளை. இனி அலாரத்துக்கு வருவோம்.

உயிரோட இருக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரமா இருந்தா அந்த 160-க்குக் கத்தியிருக்கும். யூ.எல். 2034-ன்னு இந்த அலாரங்களுக்கு அமெரிக்காவுல ஒரு தரம் இருக்கு. அதுப்படி 70 பிபிஎம்னா 1 முதல் 4 மணி நேரத்துக்குள்ள, 150-ன்னா 10 முதல் 50 நிமிஷத்துக்குள்ள, 400-ன்னா 4 முதல் 15 நிமிஷத்துக்குள்ள கத்தணும். ஆனா 30 பிபிஎம் இருந்தா 30 நாள்வரைக்கும் கத்தவே கூடாதுன்னும் அதே தரத்துல இருக்கு. அதனால எண் காட்டுற திரை வச்சதா வாங்குங்க. கத்தாத அளவையும் கண்ணால பார்க்கலாம். வயசானவங்க, குழந்தைங்க, கர்ப்பிணிங்க இருக்கிற வீட்டுல இது ரொம்ப முக்கியம்.

இதோட ஆயுசு புகை அலாரம் மாதிரி இல்ல. உள்ளே இருக்கிறது வேதியியல் சென்சார், பயன்படுத்தினாலும் இல்லைன்னாலும் தேயும். மாடலைப் பொறுத்து 5, 7, 10 வருஷம். டெஸ்ட் பட்டன் ஹாரனும் சர்க்யூட்டும் வேலை செய்யுதான்னு சொல்லும், சென்சார் வாயுவை உணருதான்னு சொல்லாது. தேதி மட்டும்தான் கணக்கு.

அமெரிசியம் பத்திப் பயம் வேண்டாம். அது அயனி வகை. உள்ளே இருக்கிறது துளியூண்டு அமெரிசியம்-241, அதோட ஆல்ஃபா கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. உடைச்சுப் பார்க்கவோ எரிக்கவோ மட்டும் கூடாது. குப்பையில போடாம உங்க ஊர் மின்னணுக் கழிவு எடுக்கிறவங்ககிட்டக் கேட்டுக் கொடுங்க.

அயனி வகை சுவாலையா எரியுற தீயை வேகமாப் பிடிக்கும், அடுப்புப் புகைக்கும் அதேபோலத் துள்ளும். ஒளி வகைன்னா உள்ளே ஒரு ஒளிக்கதிர், புகை புகுந்ததும் அது சிதறி சென்சார்ல விழும். மெத்தை, சோபா, வயர் இன்சுலேஷன் மாதிரி புகைஞ்சு புகைஞ்சு கனியுற தீயை இதுதான் சீக்கிரம் கண்டுபிடிக்கும். தூங்குறவங்களுக்கு அந்த மாதிரிப் புகை ரொம்ப ஆபத்து. என் கையால மாட்டுறதெல்லாம் ஒளி வகைதான்.

பழைய வானொலி

ஒளி வகையை நானும் ஒப்புக்கொள்கிறேன். மாமியார் அறைக்கு மட்டும் இரண்டும் சேர்ந்த, குரலில் பேசும் மாடல் வாங்குங்கள். 'தீ', 'கார்பன் மோனாக்சைடு' என்று பெயர் சொல்லும். புகைக்கு மூன்று பீப், கார்பன் மோனாக்சைடுக்கு நான்கு பீப் என்று தூக்கக் கலக்கத்தில் யார் எண்ணுவார்கள்?

என் அப்பாவுக்கு எழுபத்தெட்டு. சாதாரண அலாரம் சுமார் 3000 ஹெர்ட்ஸில் கீச்சென்று கத்தும், வயதானால் முதலில் போவது அந்த உயர்ந்த சுருதிதான். பக்கத்து அறையில் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன், அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி தரும் அலாரம் வாங்கி மாட்டினேன், முதல் சோதனையிலேயே எழுந்து உட்கார்ந்தார். குழந்தைகளையும் அந்த ஒலிதான் நன்றாக எழுப்பும்.

வயரிங் வேலை

தாழ்ந்த ஒலி விஷயத்துல முழு சம்மதம். சேர்ந்த மாடல்ல எனக்கு மனசு ஒப்பலை. ரெண்டு சென்சார்ல எது முதல்ல சாகுதோ அன்னிக்கு மொத்தத்தையும் தூக்கிப் போடணும். புகை மேலே ஏறும், அதனால அது கூரையில இருக்கணும். கார்பன் மோனாக்சைடு காத்தோட எடையை ஒட்டினது, எங்கும் கலந்து நிக்கும், அதனால திரையைப் படிக்கிற உயரத்துல, கட்டிலுக்குக் கிட்ட வைக்கலாம். ஆனா ஒரே அறைக்கு, பேச்சுக் குரலுக்காகன்னா ஐயா சொல்றது நியாயம்தான்.

இடம்: ஒவ்வொரு படுக்கையறைக்கு உள்ளேயும் ஒரு புகை அலாரம், அறைகளுக்கு வெளியே ஒண்ணு, ஒவ்வொரு தளத்துக்கும் குறைஞ்சது ஒண்ணு. அடுப்புலேருந்து 3 மீட்டராவது தள்ளி. குளியலறை வாசல்ல வேண்டாம், ஆவிக்குக் கத்தும். கூரையில முடியலைன்னா சுவர்ல, கூரைக்கு ஒரு சாண் கீழே. கார்பன் மோனாக்சைடு அலாரம் மாமியார் அறையில ஒண்ணு, மாடியில படுக்கையறைகளுக்கு வெளியே ஒண்ணு.

எல்லாம் ஒரே கம்பெனியில, ஒண்ணோட ஒண்ணு வயர்லெஸ்ல பேசுற மாடலா எடுங்க. வேற வேற கம்பெனி சேர்ந்து பேசாது. கீழே ஒண்ணு கத்தினா மாடியில எல்லாமும் கத்தும். 10 வருஷ சீல் பேட்டரி வச்சது கிடைச்சா இந்த நடுராத்திரி வேலையே இல்ல.

கேஸ் கசிவுக்கு இது எதுவும் கத்தாது, அதுக்குத் தனி டிடெக்டர். எல்.பி.ஜி. காத்தைவிடக் கனம், தரைக்குக் கிட்ட வைக்கணும். குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு லேசு, அது கூரைக்குக் கிட்ட.

மாடிப்படி (ஒன்பது நாள் கழித்து)

ஹீட்டருக்குப் புதுப் புகைக்குழாய் போட்டு, மறுபடி அளந்து, பூஜ்யம் காட்டிய பிறகே வீட்டுக்குள் வந்தோம். வீட்டு உரிமையாளர் முதலில் 'அலாரம்தான் இருக்கிறதே' என்றார். பழையதைக் கையில் கொடுத்து முதுகைத் திருப்பிக் காட்டினேன். அதற்குப் பிறகு செலவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

புகைக்கு ஐந்து, மாடிக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், மாமியார் அறைக்குத் தாழ்ந்த ஒலியோடு பேசும் சேர்ந்த மாடல் ஒன்று. அதில் திரை இல்லாததால் எண் காட்டும் அலாரம் ஒன்றையும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் மாற்ற வேண்டிய வருஷத்தை மார்க்கரால் பெரிதாக எழுதியிருக்கிறேன், கீழே நின்றே படிக்கலாம். நேற்று மாடியில் ஒன்றின் டெஸ்ட் பட்டனை அழுத்தினோம். கீழே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த மாமியார் செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்குப் போய் நின்றார். போய்ச் சொல்லித்தான் உள்ளே அழைத்து வந்தோம்.