லாரின் ஹில்லை எப்படிக் கேட்பது, எங்கே இடறும்

வினைல்பித்தன்:
அமெரிக்க ராப் பாடகி லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' ஆல்பத்தை முதல் தடவை கேட்கிறவர்கள் ஷஃபிளை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஆரம்பத்தில் பாட்டே கிடையாது. பள்ளிக்கூட மணி அடிக்கும், வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பார், பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பார்கள். லாரின் ஹில் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் பதில் வராது. ஆள் வகுப்பில் இல்லை. பிறகு பாட்டுகளுக்கு நடுவே அதே வகுப்பு திரும்பத் திரும்ப வரும். காதல் என்றால் என்ன என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். ஒற்றைப் பாட்டாக எடுத்துக் கேட்டால் இந்தக் கோர்வை அறுந்துபோகும். தலைப்பே, கார்ட்டர் ஜி. வுட்சன் 1933-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கல்வி பற்றி எழுதிய நூலைத் தழுவியதுதான். அந்த வாத்தியார் குரல் ராஸ் பராக்காவுடையது. மனிதர் 2014-இல் நியூவார்க் நகர மேயராகவே ஆகிவிட்டார்.

லூப்காரன்:
அதற்கு முன்னால் லாரின் இருந்த ஃபூஜீஸ் குழுவின் 'தி ஸ்கோர்' ஆல்பம் (1996). ரோபர்ட்டா ஃப்ளாக் 1973-இல் பிரபலமாக்கிய 'கில்லிங் மீ சாஃப்ட்லி' மெட்டை அதில் லாரின் பாடுகிறார். அடியில் ஓடும் டிரம், ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ஹிப் ஹாப் குழுவின் 1990 பாட்டிலிருந்து வந்தது. இடையில் கீற்றாக வரும் சித்தார் அதற்கும் பழசு, அறுபதுகளின் இசைக்குழுவான ரோட்டரி கனெக்‌ஷன் பதிந்தது. 'மிஸ்எஜுகேஷன்' ஆல்பத்தில் வரும் 'எக்ஸ்-ஃபேக்டர்' பாட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்த வரிசை இன்னும் நீளம்: பாடகி கிளாடிஸ் நைட், அவரிடமிருந்து வூ-டாங் ராப் குழு, அங்கிருந்து லாரின், 2018-இல் அவரிடமிருந்து ராப் பாடகர் டிரேக். நாலையும் இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள், பத்துக் கட்டுரை படித்ததற்குச் சமம்.

பீட் செய்கிறவர்களுக்கு ஒன்று. சாம்பிள் எடுத்தால், அதாவது பழைய பதிவின் ஒரு துண்டை நம் பாட்டில் சேர்த்தால், அனுமதி இரண்டு. ஒலிப்பதிவுக்கு அதை வெளியிட்ட லேபிளிடம், மெட்டுக்கும் வரிக்கும் எழுதியவர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் பப்ளிஷரிடம். அதே மெட்டை ஸ்டுடியோவில் நாமே வாசித்துப் பதிந்தால் முதலாவது தேவையில்லை. இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது. "நான்தான் சொந்தமாக வாசித்தேனே" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

கன்சோல்_கை:
லாரின் வாழ்க்கையில் தலைவலி சாம்பிளால் வரவில்லை, கூட இருந்தவர்களால் வந்தது. ஆல்பம் 1998 ஆகஸ்ட் 25-இல் வெளியாகி முதல் வாரத்திலேயே 4 லட்சத்து 22 ஆயிரம் பிரதிகளைத் தாண்டியது. உறையில் எழுத்தும் தயாரிப்பும் பெரும்பாலும் அவர் பெயரில். அந்த நவம்பரிலேயே, உடன் வேலை செய்த 'நியூ ஆர்க்' இசைக்கலைஞர்கள் நால்வர் தங்கள் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1999 பிப்ரவரியில் ஐந்து கிராமி. ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது ஒரு ஹிப் ஹாப் ஆல்பத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. வழக்கு 2001-இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது.

யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. தவிர்க்கும் வழி சின்னது: ஸ்ப்ளிட் ஷீட், அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிவைக்கும் தாள். பாட்டின் பெயர், எழுதியவர்களின் முழுப்பெயர், ராயல்டி சங்க உறுப்பினர் எண், ஆளுக்கு எத்தனை சதவீதம், தேதி, கையெழுத்து. கூட்டினால் 100 வர வேண்டும். மாஸ்டர் உரிமைக்கு, அதாவது ஒலிப்பதிவின் உரிமைக்கு, தனித் தாள். அன்று ராத்திரி ஸ்டுடியோவை விட்டுக் கிளம்புமுன் எழுதிவிடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் இருக்கும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால், கூட்டாக எழுதியவர்களை அமெரிக்கச் சட்டம் பொதுவாகச் சம பங்குக்காரர்களாகவே பார்க்கும். ஆனால் நானும் கூட்டு என்று நிரூபிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிடும்.

வினைல்பித்தன்:
லாரினின் அடுத்த ஆல்பம் 'அன்பிளக்ட்', மேடையில் நேரடியாகப் பதிந்தது. பதிவு 2001, வெளியீடு 2002. ஒரு கிட்டார், கரகரத்த குரல், பாட்டுக்கு நடுவே நீண்ட பேச்சு. முந்தைய ஆல்பத்தின் பளபளப்பை எதிர்பார்த்துப் போனால் பாதியில் எழுந்துவிடுவீர்கள், அதனால் இதைக் கடைசியில் வையுங்கள். இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் இதுவரை வரவில்லை. கச்சேரிக்குப் போகிறவர்கள் கவனிக்க: பழைய பாட்டுகளின் வேகத்தையும் அமைப்பையும் மேடையில் அடியோடு மாற்றிவிடுவார். கூடவே பாடத் தயாராகப் போனால் முதல் சரணத்திலேயே வழுக்கும்.