காந்தமின் படலம் ஜெல்லில் வைத்ததும் அடங்கிவிடுகிறது, உதவி தேவை

வணக்கம். ஜெர்மனியில் கம்பியில்லா மூளைத் தூண்டல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பார்கின்சன் நோய்க்கு இப்போது பொருத்தும் கருவியில் நெஞ்சில் பேட்டரி, அங்கிருந்து கழுத்து வழியாக மூளை வரை கம்பி. இரண்டையும் தவிர்த்து, வெளியே இருக்கும் காயிலின் காந்தப்புலத்திலிருந்தே மின்னழுத்தம் எடுக்கும் சின்னப் படலம்தான் என் வேலை. 2020-ல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு எலிகளில் செய்து காட்டிவிட்டது, அதனால் கொள்கையில் சந்தேகமில்லை.

சிக்கல் உறையில். மெட்கிளாஸ் (காந்தப்புலத்தில் நீண்டு சுருங்கும் உலோகத் தகடு) 25 மைக்ரான், பிஇசட்டி (அந்த அதிர்வை மின்னழுத்தமாக்கும் பீங்கான்) 127 மைக்ரான், எபாக்சிப் பசையால் ஒட்டியது, நீளம் 5 மில்லிமீட்டர். காற்றில் 330 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மின்னழுத்தத்தில் கூர்மையான உச்சம் (ஒத்ததிர்வு). பாரிலீன் என்ற மெல்லிய பாலிமர் பூச்சு போட்டாலும் பரவாயில்லை. அதன்மேல் சிலிக்கோன் போட்டு மூளைத் திசுவுக்கு மாற்றான 0.9 சதவீத உப்புநீர் அகரோஸ் ஜெல்லில் வைத்தால் உச்சம் கீழே நகர்ந்து அகலமாகிறது, மின்னழுத்தம் கால்வாசிகூட வருவதில்லை. மார்ச்சிலிருந்து இதே கதை.

அதிர்வெண்ணைப் புதிதாகத் தேடினேன், படலத்துக்கு நிலையான காந்தப்புலம் தரும் நியோடிமியம் காந்தத்தை நகர்த்தினேன், சிலிக்கோனை மெலிதாக்கினேன். மின்கசிவு இல்லை, அளந்தாயிற்று. படலம் இல்லாமல் வெறும் கம்பியை வைத்தால் சிக்னல் இல்லை, ஆக காயிலின் நேரடித் தூண்டலும் குழப்பவில்லை. நடுவில் மட்டும் பிடித்து முனைகளைச் சும்மா விட்டால் காற்றில் அருமை, ஆனால் ஜெல்லுக்குள் அப்படி விட முடியாதே. கண்ணாடிக் குழாய் யோசனையும் வந்தது. உருக்கி மூடும் சூட்டில் எபாக்சி போய்விடும் என்று பயம்.

முனைகள் அதிர இடம் விட்டு, நீர் மட்டும் புகாமல், அதிகச் சூடில்லாமல் இதை அடைக்க நீங்கள் என்ன பயன்படுத்தினீர்கள்?