மறு: ‘டிரிம் பேனல்’ – பொதியிடத்துப் பலகங்களுக்கும் அவற்றின் ஆணிகளுக்கும் பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். காரின் பின்புறத்தில் சாமான் வைக்கும் இடத்தைச் சுற்றி உட்பக்கமாக மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகைகளைக் கழற்றும் முறையைத் தமிழில் எழுதிவரும் நண்பர், அவற்றுக்கு என்ன பெயரிடலாம் என்று கேட்டிருந்தார். அணிபலகை, அலங்காரத் தகடு, உள்ளுறை, புறணி ஆகிய நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. டிரிம் பேனல் என்றே விட்டுவிடலாம் என்பது ஐந்தாவது கருத்து. மறுமொழி எழுதும் முன் என் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் பொருளோடு ஒட்டிப் பார்த்தேன்.

> அழகுக்காக வைப்பதுதானே டிரிம்? ‘அணி’ என்ற வேரே போதும்.

அணிபலகையைப் பரிந்துரைத்தவர் இப்படி எழுதியிருந்தார். போதாது என்று கருதுகிறேன். அந்தப் பலகைக்குப் பின்னால் பின்விளக்கின் கம்பிக் கற்றை, இருக்கைப் பட்டையைச் சுருட்டி வைக்கும் பொறி, காற்று வெளியேறும் துவாரம், ஒலி தடுக்கும் பஞ்சு, கையைக் கிழிக்கக்கூடிய கூரிய தகட்டு விளிம்பு ஆகிய எல்லாம் இருக்கின்றன. இவற்றைச் சாமான் இடிக்காமலும் கை படாமலும் மறைத்துக் காப்பதே அதன் முதல் வேலை. அழகு அதற்குப் பின்னால் வருவது. மேலும், ஒரே மாதிரிக் காரின் விலை குறைந்த வகை, வசதி கூடிய வகை என்பவற்றையும் விற்பனையாளர்கள் டிரிம் என்றே சொல்வதால், அச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டாலும் குழப்பம் தீர்வதில்லை.

‘தகடு’ கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பலகை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனால் ஆனது. உண்மையான தகடு அதற்குப் பின்னால் இருக்கும் வண்டியின் உடல். “தகட்டிலுள்ள துளையிலிருந்து ஆணி வெளிவரும்” என்று எழுதினால் எந்தத் தகடு என்று படிப்பவர் தயங்குவார். ‘உள்ளுறை’ பிரித்துப் பார்த்தால் பொருந்துவதுபோல் தோன்றினாலும், உள்ளே உறைவது, அதாவது உள்ளடக்கம், என்ற பொருளில் அது வேரூன்றிவிட்ட சொல். ‘புறணி’ மரப்பட்டையையும் தோலையும் குறிக்கும் நல்ல சொல்தான். ஆனால் பேச்சு வழக்கில் அது ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவதாகிவிட்டது. காரின் புறணியைக் கழற்றுவது எப்படி என்ற தலைப்பை நான் வேறு எதையோ எதிர்பார்த்துத்தான் திறப்பேன்.

என் பரிந்துரை ‘வேய்பலகம்’. வேய்தல் என்றால் கூரையை மூடுதல். மாலையோ முடியோ சூடுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. மூடுவதும் அணிவதும் ஒரே வினைக்குள் இருப்பதால், காப்பும் அழகும் சேர்ந்த இந்தப் பொருளுக்கு அது இயல்பாக அமைகிறது. பலகம் ஏற்கெனவே கட்டுப்பாட்டுப் பலகம் போன்ற தொடர்களில் பழகிய சொல்.

இடத்தின் பெயரையும் முடிவு செய்ய வேண்டும். டிக்கி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தனியாக அடைக்கப்பட்ட பெட்டியைக் கொண்ட வண்டிக்கும், பின்கதவு மேலே தூக்கித் திறக்கப்பட்டுப் பின் இருக்கை வரை ஒரே வெளியாக இருக்கும் வண்டிக்கும் கழற்றும் முறை வேறு. பின்னதை ‘அறை’ என்று சொல்ல மனம் ஒப்பவில்லை, ஏனெனில் அதற்கு முன்சுவரே இல்லை. ‘பொதியிடம்’ என்று வைத்துக்கொண்டால் வேய்பலகங்களின் பெயர்கள் தாமாகவே அமைகின்றன: பின்கதவின் கீழ்விளிம்பு வந்து அமரும் வாயிற்படியின் மேல் இருப்பது படிப்பலகம், சக்கர மேட்டை மூடி இருபுறமும் நிற்பது பக்கப்பலகம், அதற்கு மேல் கூரையைத் தாங்கும் கடைசித் தூணின் மேல் இருப்பது தூண்பலகம், கதவின் உட்புறத்தில் இருப்பது கதவுப்பலகம்.

இந்தப் பெயர்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், கழற்றும் வரிசை அவற்றில்தான் நிற்கிறது என்பதே. தரைப் பலகையையும் ஸ்டெப்னியின் மேல் மூடியையும் எடுத்துவிட்டு, கதவு விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை உருவிய பிறகு, படிப்பலகத்தை மேல்நோக்கி இழுக்க வேண்டும். பக்கப்பலகத்தின் கீழ்முனை பெரும்பாலான வண்டிகளில் படிப்பலகத்துக்கு அடியில் சொருகப்பட்டிருக்கும். நான் முதன்முறை செய்தபோது ‘பின் டிரிம்’, ‘பக்க டிரிம்’ என்று எல்லாவற்றையும் டிரிம் ஆக்கியிருந்த ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, பக்கத்தை முதலில் இழுத்து இரண்டு நாக்குகளை உடைத்தேன். சாமான் கட்டும் வளையங்களின் திருகுகளையும், பொதியிட விளக்கின் இணைப்பியையும் மறந்துவிட்டு இழுத்தால் இழப்பு இதைவிடக் கூடும்.

இனி, பலகங்களை வண்டியின் உடலோடு பிடித்து வைக்கும் கிளிப்புகள். எல்லாவற்றையும் ‘கவ்வி’ என்று ஒரே சொல்லில் அடக்கியிருப்பதுதான் நண்பரின் வரைவில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது, ஏனெனில் இவை வெளிவரும் விதம் ஒன்றுக்கொன்று வேறு. தண்டைச் சுற்றி வளையும் செதில்கள் அடுக்கடுக்காக உள்ள நைலான் ஆணி, தலைக்குப் பக்கத்திலேயே நெம்பியை வைத்து நேராக இழுத்தால் வந்துவிடும். இதைச் ‘செதிலாணி’ எனலாம். நடுவில் தனி முள் கொண்ட இருதுண்டு ஆணியிலோ முள்ளை முதலில் விடுவித்தாக வேண்டும். சிலவற்றில் முள்ளை வெளியே இழுக்க வேண்டும். சிலவற்றில் உள்ளே சற்று அழுத்த வேண்டும். இரண்டையும் ‘முள்ளாணி’ என்று மட்டும் சொன்னால், அழுத்த வேண்டியதை நெம்பி உடைப்பார்கள். ஆகவே ‘இழுமுள் ஆணி’, ‘அழுத்துமுள் ஆணி’ என்று பிரித்தே ஆக வேண்டும். அழுத்துமுள் ஆணியைத் திரும்பப் போடும்போது முள்ளைப் பின்புறமிருந்து தள்ளி வெளியே நீட்டச் செய்து, ஆணியைத் துளையில் வைத்து, முள்ளைத் தலையோடு சமமாகும்வரை அழுத்த வேண்டும் என்பதும் பெயரிலிருந்தே பாதி விளங்கிவிடும்.

பலகத்தின் முதுகிலுள்ள நாக்கில் மாட்டியிருக்கும் உலோகக் கவ்விக்கு ‘வில்கவ்வி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். புணர்ச்சி விதிப்படி அது ‘விற்கவ்வி’ ஆகிவிடும். விற்பனைக்கு வைத்த கவ்வி போல் இருக்கிறது. இரண்டு கால்களால் கவ்வுவதால் ‘கவைக்கவ்வி’ என்பது பொருந்தும். இது சில நேரம் பலகத்தோடு வராமல் உடலின் துளையிலேயே நின்றுவிடும். அப்போது இடுக்கியால் பிடித்து எடுத்துப் பலகத்தின் நாக்கில் மீண்டும் மாட்டிய பிறகே பலகத்தைப் பொருத்த வேண்டும்.

கடைசியாக வினைச்சொல். வரைவு முழுவதும் ‘நீக்கவும்’ என்று இருக்கிறது. நீக்கியது திரும்ப வராது. இவை திரும்ப வர வேண்டியவை. ‘கழற்றவும்’ என்றே எழுதுங்கள். கழற்றுபவர் மனத்தில் மாட்டுவதும் சேர்ந்தே இருக்கும்.

அன்புடன்.

———

ஐயா,

கவ்விகளைப் பிரித்தது மிக நன்று. வேய்பலகத்தில்தான் எனக்குத் தடை. அது வினைத்தொகை என்பதால் பகரம் மிகாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். தட்டச்சு செய்பவர் பாதிப் பேர் ‘வேய்ப்பலகம்’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் அது மூங்கில் பலகை. ‘மூடுபலகம்’ என்றால் கேட்டவுடன் புரியும், தவறாக எழுதவும் வழியில்லை. பட்டறையில் வேலை செய்பவரிடம் வேய்தலை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொன்று விட்டுப்போயிற்று. பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை (மோதலின்போது ஜன்னலோரம் திரைபோல் விரியும் பை) உள்ள வண்டிகளில் தூண்பலகத்துக்குப் பின்னாலோ அதன் மேல்விளிம்பை ஒட்டியோ அந்தப் பை இருக்கக்கூடும். பை விரியும்போது பலகம் பறந்து பயணியின் மேல் விழாமல் இருக்க, சில வண்டிகளில் அதன் கவ்வியிலேயே ஒரு சிறு வார் வைத்துப் பலகத்தைக் கட்டியிருப்பார்கள். அத்தகைய கவ்வியை ஒருமுறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கூறுகிறார்கள். இதற்கும் செதிலாணிக்கும் ஒரே பெயர் இருந்தால் ஆபத்து. மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிட்டுக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே அங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் வரைவில் சேர்க்க வேண்டும்.

———

அம்மையீர்,

மூங்கிலை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மூடுபலகம்’ ஒரு இடத்தில் இடறுகிறது. இந்தப் பலகங்களிலேயே சிறு மூடிகள் இருக்கின்றன: திருகின் தலையை மறைப்பது, பின்விளக்கின் பல்பை மாற்றக் கைவிடுவதற்காக வைத்த கதவு, ஜாக்கி வைத்த குழியின் மூடி. “மூடுபலகத்தின் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் திருகைக் கழற்றி மூடுபலகத்தை இழுக்கவும்” என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். மூன்று முறை படித்த பிறகே எனக்குப் புரிந்தது. மூடி திறப்பதற்கு, வேய்ந்தது நிற்பதற்கு. அந்த வேறுபாட்டை இழக்க விருப்பமில்லை.

எனவே வழிகாட்டியில் முதல் இடத்தில் மட்டும் ‘டிரிம் எனப்படும் வேய்பலகம்’ என்று எழுதிவிட்டு, அதன்பின் படிப்பலகம், பக்கப்பலகம், தூண்பலகம் என்ற பகுதிப் பெயர்களையே ஆளலாம். இவற்றில் வேய் வராததால் மூங்கிலும் வராது. பட்டறையில் புழங்கப்போவதும் இந்தக் குட்டிப் பெயர்கள்தாம்.

நீங்கள் சொன்ன வார் வைத்த கவ்விக்குத் ‘தளைக்கவ்வி’ என்பது என் முன்மொழிவு. தளை என்றால் கட்டு. ‘ஒருமுறைக் கவ்வி’ என்றும் யோசித்தேன். ஆனால் தளையில்லாத வேறு சில ஆணிகளையும் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தலாகாது என்பதால் அதை விட்டுவிட்டேன். இருக்கைப் பட்டையின் கீழ்முனைத் திருகைக் கழற்றாமல் பக்கப்பலகத்தை முழுதாக வெளியே எடுக்க முடியாத வண்டிகளும் உண்டு. அந்தத் திருகை மீண்டும் இறுக்கும்போது கையேட்டிலுள்ள முறுக்குவிசை அளவைப் பின்பற்ற வேண்டும் என்று வரைவில் தனி வரியாகவே எழுதலாம். அதற்கு ‘பட்டைத் திருகு’ போதுமா, ‘நங்கூரத் திருகு’ வேண்டுமா என்பதை மட்டும் குழுவினர் சொல்லுங்கள்.