எம்பெடட் பேக்கேஜில் நம் சொந்த கான்ஃபிக் கோப்பு: எங்கே வைப்பது, எங்கே சறுக்கும்

கருவிகளுக்கான லினக்ஸ் இமேஜில், ஒரு பேக்கேஜுக்கு (நிறுவப்படும் மென்பொருளுக்கு) நம் சொந்த கான்ஃபிக் கோப்பைக் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு ஆறு பேரின் பதில்கள்.

பில்டுரூட்வாசி

பேக்கேஜில் கை வைப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: அந்தக் கோப்பைப் படிக்கப்போவது கம்பைலரா, கருவியில் பின்னணியில் ஓடுகிற டீமனா? பாதிக் குழப்பம் இதிலேயே தீரும்.

டீமன் படிக்கிற கோப்பு என்றால் பில்டுரூட்டில் (லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் அமைப்பு) பேக்கேஜைத் தொடவே வேண்டாம். ரூட்எஃப்எஸ் ஓவர்லே, அதாவது இமேஜின் கோப்புகள் மேல் நகலெடுக்கப்படும் ஒரு டைரக்டரி, போதும். உங்கள் போர்டு டைரக்டரிக்குள் ஓவர்லே டைரக்டரியையும் அதற்குள் இடிசி என்ற டைரக்டரியையும் உருவாக்கி, கோப்பை இடிசியில் போட்டு, ஓவர்லே டைரக்டரியின் பாதையை சிஸ்டம் கான்ஃபிகரேஷன் மெனுவில் கொடுங்கள். எல்லா பேக்கேஜும் நிறுவப்பட்ட பிறகுதான் ஓவர்லே மேலே விழுகிறது. அதனால் பேக்கேஜ் தந்த அசல் கோப்பை உங்களுடையது மூடிவிடும். இதற்காகத் தனியாக ஒரு கேகான்ஃபிக் (மெனுவில் தெரியும்) ஆப்ஷன் சேர்ப்பது வீண் சுமை.

கம்பைலர் படிக்கிற கோப்பு என்றால் கதை வேறு. டிராப்பியர் என்ற சிறு எஸ்எஸ்எச் சர்வர் நல்ல உதாரணம். அதன் லோக்கல்ஆப்ஷன்ஸ் ஹெடரில் கடவுச்சொல் உள்நுழைவை 0 என்று வைத்தால் அதற்கான நிரல்வரிகளே பைனரியில் சேராது. பைனரி உருவான பிறகு ஓவர்லேயில் ஹெடரைப் போட்டு என்ன பயன்? இங்கேதான் பேக்கேஜில் ஆப்ஷன் தேவை. பில்டுரூட்டின் டிராப்பியர் பேக்கேஜில் அது ஏற்கெனவே இருக்கிறது: ஹெடரின் பாதையைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். பிஸிபாக்ஸ், கெர்னல், யூ-பூட் மூன்றுக்கும் முழுக் கோப்பாகவும் கொடுக்கலாம், சில ஆப்ஷன்களை மட்டும் கொண்ட துண்டுக் கோப்பாகவும் கொடுக்கலாம்.

மேக்ஃபைல்மாடன்

நீங்களே ஒரு பேக்கேஜுக்கு அந்த ஆப்ஷனைச் சேர்ப்பதாக இருந்தால் முதலில் விழும் குழி மேற்கோள் குறிதான். கேகான்ஃபிக்கில் ஸ்ட்ரிங் வகை ஆப்ஷன் மேக்ஃபைலுக்குள் வரும்போது இரட்டை மேற்கோளோடு வரும். பயனர் எதுவும் நிரப்பாமல் விட்டாலும் மதிப்பு காலி அல்ல, இரண்டு மேற்கோள் குறிகள். காலியா என்று பார்க்கிற நிபந்தனை அதை 'ஏதோ இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு இல்லாத கோப்பை நகலெடுக்கப் போய் பில்ட் நிற்கும். கியூஸ்ட்ரிப் வழியாக மேற்கோளை உரித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அந்த மாறியைத்தான் சோதிக்க வேண்டும்.

வரிசை இதுதான்: கான்ஃபிக்.இன் கோப்பில் ஸ்ட்ரிங் ஆப்ஷன், அதற்கு உதவிக் குறிப்பு, டாட்-எம்கே கோப்பில் கியூஸ்ட்ரிப், காலியில்லை என்றால் மட்டும் ஒரு ஹூக் (பில்டின் ஒரு கட்டத்தோடு சேர்ந்து ஓடும் கட்டளைகள்). கம்பைலர் படிக்கிற கோப்பானால் கான்ஃபிகர் கட்டத்துக்கு முந்தைய ஹூக். இலக்கில் போய் உட்காரும் கோப்பானால் டார்கெட் இன்ஸ்டாலுக்குப் பிந்தைய ஹூக். நிறுவும்போது இன்ஸ்டால் கட்டளையில் மைனஸ்-டி போட்டு, மோட் 0644 என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இன்னொன்று. கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றினால் பில்டுரூட் தானாக அதைக் கவனிக்காது. நிறுவும் கோப்பு என்றால் பேக்கேஜ் பெயரோடு ரீஇன்ஸ்டால். கம்பைல் நேரக் கோப்பு என்றால் டிர்கிளீன் கொடுத்து பேக்கேஜின் பில்ட் டைரக்டரியை அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். வெறும் ரீபில்ட் முந்தைய ஹூக்குகளைத் திரும்ப ஓட்டாது. "மாற்றினேன், மாறவில்லை" என்கிற புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

துண்டுக்கோப்பு

கெர்னல், பிஸிபாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மெனுகான்ஃபிக்கில் செய்த மாற்றம் அவுட்புட் டைரக்டரிக்குள் இருக்கிற டாட்-கான்ஃபிக்கில்தான் விழுகிறது. மேக் கிளீன் கொடுத்ததும் போய்விடும். கெர்னலுக்கு லினக்ஸ்-அப்டேட்-டெஃப்கான்ஃபிக், பிஸிபாக்ஸுக்கு பிஸிபாக்ஸ்-அப்டேட்-கான்ஃபிக் கொடுத்து உங்கள் கோப்புக்குத் திருப்பி எழுதிவிடுங்கள்.

துண்டுக் கோப்பில் எழுதிய ஆப்ஷன் சார்ந்திருக்கும் வேறொரு ஆப்ஷன் இயங்காமல் இருந்தால், நீங்கள் கேட்டது இறுதிக் கோப்பில் சத்தமில்லாமல் விழுந்துபோகும். பில்ட் நிற்காது. ஆகவே கட்டி முடித்ததும் இறுதி டாட்-கான்ஃபிக்கில் ஒவ்வொரு ஆப்ஷனையும் கிரெப் செய்து தேடிப் பாருங்கள்.

பூட்லோடர்

வாசி சொன்ன ஓவர்லே சரிதான் நண்பரே, ஆனால் அனுமதி விஷயத்தில் கவனம். ஓவர்லேயை நகலெடுக்கும்போது பில்டுரூட் ஆர்சிங்க் கட்டளையில் குழுவுக்கும் மற்றவருக்கும் படிக்கும் அனுமதியைத் திறந்துவிடுகிறது. உங்கள் கணினியில் 600 (உரிமையாளருக்கு மட்டும்) என்று வைத்திருந்தாலும் இமேஜில் 644 ஆகிவிடும். ஓபன்எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவி இப்படித் திறந்து கிடந்தால் சர்வர் அந்தச் சாவியை ஏற்காது. (ஒரே ஹோஸ்ட் சாவியை எல்லாக் கருவிக்கும் இமேஜிலேயே வைப்பது எப்படியும் தவறு, கருவி முதல்முறை பூட் ஆகும்போது உருவாக்க விடுங்கள்.) கிட்டும் உதவாது, அது இயக்கும் பிட்டை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது.

சரியான வழி அனுமதி அட்டவணை. ஒரு வரி: கோப்பின் பாதை, எஃப் என்ற எழுத்து, 600, பயனர் எண் 0, குழு எண் 0, பின்னால் ஐந்து சிறு கோடுகள். போஸ்ட்-பில்ட் ஸ்கிரிப்டில் சோன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) கொடுத்துப் பயனில்லை, அது சாதாரணப் பயனராக ஓடுகிறது. உரிமையாளரை மாற்ற வேண்டுமென்றால் அட்டவணை, அல்லது போஸ்ட்-ஃபேக்ரூட் ஸ்கிரிப்ட்.

ஓவர்லேயிலிருந்து ஒரு கோப்பை நீக்கினால் டார்கெட் டைரக்டரியில் பழையது அப்படியே கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு இமேஜை எப்போதும் முழுக் கிளீனிலிருந்து கட்டுங்கள்.

யோக்டோபட்டறை

பில்டுரூட் போலவே இமேஜ் கட்டும் யோக்டோவில் இதே வேலைக்கு பிபிஅப்பெண்ட், அதாவது அசல் ரெசிபியின் (பேக்கேஜைக் கட்டும் குறிப்பின்) மேல் நீங்கள் சேர்க்கும் கோப்பு. ஃபைல்ஸ்எக்ஸ்ட்ராபாத்ஸ் மாறியில் உங்கள் டைரக்டரியை முன்னால் சேர்த்து, அசல் ரெசிபி பயன்படுத்தும் அதே பெயரில் கோப்பை வைத்தால் உங்களுடையது முந்திக்கொள்ளும். இரண்டு இடத்தில் கை நழுவும். சமக்குறிக்கு முன்னால் முக்காற்புள்ளி வேண்டும். இல்லாவிட்டால் பாதையில் நீங்கள் எழுதும் திஸ்டிர் (இந்தக் கோப்பின் டைரக்டரியைக் குறிக்கும் மாறி) பிறகுதான் விரியும், விரியும்போது அசல் ரெசிபியின் டைரக்டரியைக் காட்டும். மதிப்பின் கடைசியிலும் ஒரு முக்காற்புள்ளி வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பாதையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் பிழைச் செய்தி வராது. அசல் கோப்பு எடுக்கப்பட்டு பில்ட் பச்சையாக முடியும். பிட்பேக் மைனஸ்-இ கொடுத்து ஃபைல்ஸ்பாத் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கருவியிலேயே பேக்கேஜ் அப்டேட் செய்கிறவர்கள் கான்ஃப்ஃபைல்ஸ் மாறியில் கோப்பின் பாதையைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ரவுட்டர்தம்பி

ரவுட்டர்களில் ஓடும் ஓபன்டபிள்யூஆர்டிக்கும் அதே விதி. பேக்கேஜ் மேக்ஃபைலில் கான்ஃப்ஃபைல்ஸ் பகுதி எழுதினால் பயனர் மாற்றிய கோப்பு சிஸ்அப்கிரேடில் (ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது) பிழைக்கும். பேக்கேஜ் மேலாளராக ஓபிகேஜி உள்ள பதிப்புகளில் அப்டேட்டின்போது அது பயனரின் கோப்பை விட்டுவிட்டு, புதியதை வால்பகுதியில் மைனஸ்-ஓபிகேஜி சேர்த்துப் பக்கத்தில் வைக்கும்.

இன்ஸ்டால்-கான்ஃப் மேக்ரோ கோப்பை 0600 என்று நிறுவுகிறது. டீமன் ரூட் அல்லாத பயனராக ஓடினால் தன் கான்ஃபிக்கைத் தானே படிக்க முடியாமல் விழும். அங்கே இன்ஸ்டால்-டேட்டா போடுங்கள், அது 0644.

ஒவ்வொரு கருவிக்கும் மாறும் மதிப்பு என்றால், எடுத்துக்காட்டாக நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியிலிருந்து வரும் பெயர், முழுக் கோப்பாக வைக்காமல் யூசிஐ-டிஃபால்ட்ஸ் டைரக்டரியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் போடுங்கள். முதல் பூட்டில் ஓடி, 0 என்று முடிந்தால் அழிந்துவிடும். வேறு எண்ணோடு முடிந்தால் அடுத்த பூட்டிலும் ஓடும். கடைசி வரியில் எக்ஸிட் 0 எழுதுங்கள். ஸ்கிரிப்ட்டை விண்டோஸ் எடிட்டரில் சேமித்தால் வரி முடிவில் ஒட்டும் சிஆர் எழுத்தே அதைக் கெடுத்துவிடும்.

வெளியிடும் முன் கருவியில் சிஸ்அப்கிரேட் மைனஸ்-எல் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் மாற்றிய கோப்பு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அடுத்த ஃபர்ம்வேரில் அந்த மாற்றம் இருக்காது.