மிச்சமா, எச்சமா, விலக்கமா? ‘ரெசிடுவல் ஃபீட் இன்டேக்’குக்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம்.

பால் மாதிரியின் அகச்சிவப்பு நிறமாலையை (அகச்சிவப்பு ஒளியைப் பால் எப்படி உறிஞ்சுகிறது என்ற பதிவை) கொண்டு கறவை மாட்டின் தீவனத் திறனை அறிவது குறித்துத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கையில், ‘ரெசிடுவல் ஃபீட் இன்டேக்’ என்ற தொடரில் வந்து நின்றுவிட்டேன். இதற்கு ‘மிச்சத் தீவன உட்கொள்ளல்’, ‘எஞ்சிய தீவன உட்கொள்ளல்’ என்ற இரண்டு ஆக்கங்கள் இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்பே சொல்லப்பட்டுள்ளன. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இரண்டிலும் பிழையில்லை. ஆயினும் இரண்டும் படிப்பவரை வேறு பொருளுக்குக் கொண்டுபோய்விடும் என்று அஞ்சுகிறேன்.

1963-இல் கோக் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இறைச்சி மாடுகளை ஆராய்ந்தபோது முன்வைத்த கருத்து இது. ஒரு மாட்டின் உடல் எடை, எடையின் ஏற்ற இறக்கம், கறவையானால் பாலில் வெளியேறும் ஆற்றல் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அது நாளொன்றுக்கு இத்தனை கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கிக் கணக்கிட்ட தீவனம்) தின்ன வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் தின்றதிலிருந்து அந்த எதிர்பார்ப்பைக் கழிக்க வருவதுதான் இந்த அளவு. எதிர்பார்ப்பு 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 23.5 கிலோ தின்ற மாட்டுக்கு +1.5, 20.5 கிலோ தின்ற மாட்டுக்கு −1.5 எனக் கிடைக்கும். பண்ணையாளர் விரும்புவது இரண்டாவது மாட்டைத்தான்.

இப்போது ‘மிச்சம்’ என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் மிச்சம் என்பது மீதி மட்டுமன்று, சேமிப்பும்கூட. ‘மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தாள்’ என்றால் யாரும் அதைக் குறையாகக் கொள்வதில்லை. ‘இந்த மாட்டுக்கு மிச்சத் தீவன அளவு +1.5’ என்று எழுதினால், நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ சேமிக்கும் நல்ல மாடு என்றே எவரும் படிப்பார். ஆங்கிலச் சொல்லில் இல்லாத இந்தக் குழப்பம் நம் சொல்லில்தான் முளைக்கிறது. ‘எஞ்சிய தீவனம்’ என்றாலோ, தீவன ஆய்வுகளில் மறுநாள் காலையில் தொட்டியில் மாடு தின்னாமல் விட்டதை நிறுக்கிறோமே, அதுவே நினைவுக்கு வரும். அதற்கும் ஒரு கலைச்சொல் தேவைப்படும்போது கையில் சொல் இருக்காது.

மிச்சம் என்ற சொல்லை வீணாக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறையெண் நல்லது என்ற கணக்கு பண்ணையாளர்களுக்கு ஒத்துவராததால், ஆஸ்திரேலியா 2015-இலும் அமெரிக்கா ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனத்துக்கு 2020 டிசம்பரிலும் ‘ஃபீட் சேவ்டு’ என்ற பெயரில் மரபுவழி மதிப்பை (மாடு தன் கன்றுகளுக்குக் கடத்தும் பண்பின் மதிப்பீட்டை) வெளியிடத் தொடங்கின. அதில் உடல் எடைக்கான பராமரிப்புத் தீவனமும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. எண் கூடினால் நல்லது. அதற்கு ‘தீவன மிச்சம்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, புள்ளியியலில் ‘ஸ்டாண்டர்டு டீவியேஷன்’ எனப்படும் திட்டவிலக்கத்தில் உள்ள விலக்கத்தை எடுத்து, இதற்குத் ‘தீவன விலக்கம்’ என்று பெயரிடலாம் என முன்மொழிகிறேன்.

இத்துடன் சிறு ஐயம் ஒன்று. ‘பிரெடிக்‌ஷன்’ என்பதை ‘முன்கணிப்பு’ என்று எழுதுகிறோம். இங்கே முன்கூட்டி எதையும் சொல்லவில்லை. இன்று கறந்த பாலைக் கொண்டு அதே காலத்தில் மாடு தின்றது எவ்வளவு என்று ஊகிக்கிறோம். ‘பால்வழி மதிப்பீடு’ என்றால் போதாதா?

மறுமொழி

ஐயா, வணக்கம்.

மிச்சம் பற்றித் தாங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ‘பால்வழி மதிப்பீடு’ நன்றாக இருக்கிறது. ஆனால் பால் சோதனை என்றதும் நம்மவர் நினைப்பது, கூட்டுறவுச் சங்கத்தில் விலைக்காகக் கொழுப்பும் இதர சத்தும் பார்ப்பதைத்தான். அங்கே வருவது ஒரு வீட்டு மாடுகளின் கலந்த பால். இந்த ஆய்வுக்கு வேண்டியதோ மாட்டுக்கு மாடு தனியாக, ஏறத்தாழ மாதம் ஒருமுறை எடுக்கும் மாதிரி. ‘மாட்டுவாரிப் பால் பதிவு’ என்று ஓரிடத்திலாவது தெளிவுபடுத்திவிடுங்கள்.

‘தீவன விலக்கம்’ மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நான் கால்நடை மருத்துவன். அறுவைக்கு முன் மாட்டுக்குத் தீவனத்தை நிறுத்திவைக்கச் சொல்வோம். தீவன விலக்கம் என்று படித்தால் எனக்கு அதுதான் தோன்றுகிறது. மேலும், பாலை வைத்து இந்த அளவைச் சொல்லிவிட முடியும் என்ற தொனி தங்கள் கட்டுரையில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. அப்போது ஒலியிக் அமிலம் போன்ற நீள்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் பாலில் கூடுகின்றன. நிறமாலை அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் உட்கொள்ளலையும் ஆற்றல் சமநிலையையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆனால் தாங்கள் பெயர் தேடும் அளவு, பாலுக்கான ஆற்றலைக் கழித்தபின் நிற்பதல்லவா? பால் வெளிப்படையாகச் சொல்லக்கூடியதை முதலிலேயே கழித்துவிட்டு, மீந்ததைப் பாலிடமே கேட்கிறோம். அதனால்தான் அந்த ஊகம் வலுவிழந்து நிற்கிறது.

மறுமொழி

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. கடைசியாகச் சொன்னது என் கட்டுரையின் ஒரு பத்தியையே மாற்றி எழுதவைத்துவிட்டது.

விலக்கத்தில் உள்ள இடர்ப்பாடு, அது ‘விலக்கு’ என்ற பிறவினையிலிருந்து வருவது. யாரோ ஒருவர் தீவனத்தை விலக்குகிறார் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொள்கிறது. இலங்கைத் தமிழில் திட்டவிலக்கத்தை ‘நியம விலகல்’ என்கிறார்கள். விலகல் தன்வினை, எதிர்பார்ப்பிலிருந்து எண் தானாக விலகுகிறது. அதைக் கடன் வாங்கி, ‘உட்கொள்ளல்’ என்பதையும் சேர்த்து, ‘தீவன உட்கொள்ளல் விலகல்’ என்று வைத்துக்கொள்கிறேன். சற்று நீளந்தான், ஆனால் தொட்டியையும் அறுவையையும் நினைவூட்டாது. சராசரியிலிருந்து கணக்கிடும் விலகல்களைக் கூட்டினால் பூச்சியம் வருவதுபோல, சமன்பாட்டை உருவாக்கப் பயன்பட்ட மந்தையில் இவற்றைக் கூட்டினாலும் பூச்சியமே வரும் என்பதால், புள்ளியியல் பொருளும் பொருந்துகிறது.

அகராதிக்கான குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன்: தீவன உட்கொள்ளல் விலகல் — மாடு உண்மையில் தின்ற உலர்பொருளிலிருந்து, அதன் பால், உடல் எடை, எடை மாற்றம் ஆகியவற்றுக்குத் தேவை என எதிர்பார்த்த உலர்பொருளைக் கழித்துப் பெறும் அளவு, குறையெண் ஆனால் சிக்கனமான மாடு. தொட்டியில் மீந்த தீவனத்தையோ ‘தீவன மிச்சம்’ என்ற மரபுவழி மதிப்பையோ இது குறிக்காது.