ஐபிஎஸ் குடல் நோய்க்கு இந்தப் பவுடர் டப்பா தேவையா?

கோட்டையூரான்
காரைக்குடி டாக்டர் எனக்கு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லிவிட்டார், பேதி வகை. டெஸ்ட் எல்லாம் நார்மல். இப்போது தெரிந்தவர் ஒருவர் புரோபயாடிக் (குடலுக்கு நல்லது என்கிற நுண்ணுயிர்கள்), மஞ்சள் சாரம், குளூட்டமின் என்கிற அமினோ அமிலம் கலந்த பவுடரைத் தலையில் கட்டப் பார்க்கிறார். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். கல்யாண சீசன் வருகிறது, பந்தியில் பாதியில் எழுந்து ஓடுவதை நினைத்தாலே பயம். வாங்கலாமா?

தேவகோட்டை மருந்துக்கடை
வேண்டாம் தம்பி. விற்றால் எனக்குத்தான் லாபம், அப்படியும் சொல்கிறேன். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிப்படி போட்டே ஆகவேண்டிய வரி அது. அமெரிக்கக் குடல் மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதலும் ஐபிஎஸ்ஸுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. மஞ்சள் சாரமும் சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. குழம்பில் போடுகிற மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி
பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிட்டீர்களே அண்ணே! அதே 2021இல் பிரிட்டன் குடல் மருத்துவர் சங்கம், புரோபயாடிக்கை 12 வாரம் வரை எடுத்துப் பார், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடு என்றுதானே சொன்னது? என் மகனுக்கு உப்புசம் நன்றாகக் குறைந்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டை மருந்துக்கடை
குறைந்தது சரி ஆச்சி, டப்பாவால்தான் என்று எப்படித் தெரியும்? 2010இல் ஹார்வர்டுக்காரர்கள் ஐபிஎஸ் உள்ள 80 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேரிடம் 'இது வெறும் மாத்திரை, மருந்தே இல்லை' என்று சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 100க்கு 59 பேர் போதுமான நிம்மதி என்றார்கள். மாத்திரையே எடுக்காதவர்களில் 35 பேர்தான். இந்த நோய் அப்படி.

பள்ளத்தூர் ஆச்சி
வெறும் மாத்திரைக்குக் குறைந்தாலும் குறைந்தது குறைந்ததுதானே? வலித்தவனுக்குத்தான் தெரியும்.

தேவகோட்டை மருந்துக்கடை
மறுக்கவில்லை. அதற்கு மாதம் இரண்டாயிரம் ஏன் என்பதுதான் கேள்வி. இசப்கோல் இருக்கிறது. நெதர்லாந்தில் 275 பேரிடம் நடந்து 2009இல் வெளிவந்த சோதனையில் அது உதவியது. தவிடு எடுத்தவர்களில் பலர் முதல் மாதத்திலேயே தொந்தரவு கூடிப்போய் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் புதினா எண்ணெய் கேப்சூல். குடலில் போய்க் கரைகிற மேல்பூச்சு உள்ளதாகப் பார்த்து, சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு. கடித்தால் நெஞ்சு எரியும்.

கோட்டையூரான்
பேதிக்காரனுக்கு இசப்கோலா? அது மலச்சிக்கலுக்கு அல்லவா?

தேவகோட்டை மருந்துக்கடை
இரண்டுக்கும்தான். தண்ணீரை இழுத்துக் கூழாகி, இளகியதைக் கெட்டியாக்கும், இறுகியதை இளக்கும். ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். டம்ளர் நிறையத் தண்ணீர் முக்கியம். மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மெல்போர்ன் வாசி (சொந்த ஊர் கண்டனூர்)
பவுடர், இசப்கோல் எல்லாம் இருக்கட்டும், இலையில் என்ன விழுகிறது என்று யாரும் பேசவில்லையே! சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃபிரக்டன் என்கிற சர்க்கரைச் சத்து சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் போய்ப் புளித்து வாயுவாகும். இங்கே மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபோட்மேப் உணவுமுறையே, இப்படிப் புளிக்கிற சத்துகளைக் குறைப்பதை வைத்துத்தான். நம் பந்தியில் இவை இல்லாத குழம்பு ஏது?

ஒரு வழி உண்டு. ஃபிரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டு, பொன்னிறமானதும் அத்தனையையும் அரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசம் நிற்கும். குழம்பில் கொதித்த பிறகு பூண்டை ஒதுக்கிப் பிரயோஜனம் இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி
பூண்டை எடுத்துவிட்டுப் பூண்டுக் குழம்பா? நல்ல கூத்து. ஆடிக்குக் கும்மாயத்தில் உளுந்தையும் எடுத்துவிடச் சொல்வீர்கள் போல!

மெல்போர்ன் வாசி
உளுந்தும் சிலருக்கு ஆகாதுதான் ஆச்சி. காலத்துக்கும் நிறுத்தச் சொல்லவில்லை. சில வாரம் விலக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது படுத்துகிறது என்று பார்ப்பதுதான் முறை. உணவியல் நிபுணர் உடன் இருந்தால் நல்லது.

தேவகோட்டை மருந்துக்கடை
தம்பி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்தில் பேதி எழுப்புவது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். ஆச்சி, 12 வாரம் முடிந்து மகன் பவுடரை நிறுத்திப் பார்த்தாரா?

பள்ளத்தூர் ஆச்சி
நன்றாக இருக்கிறவனை எதற்கு நிறுத்தச் சொல்வது? திரும்ப வந்தால் நீங்களா பார்ப்பீர்கள்?